16 குமிழ், ஒரே ஒரு அனலாக் பின்

1/ வால்யூம் கூட்டக் குறைக்க ஒரு குமிழைத் திருகுவோமே, அதுக்குள்ள இருக்கிறதுதான் பொட்டென்ஷியோமீட்டர். மூணு கால். ஓரத்துக் கால் ரெண்டும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் போகும். நடுக்காலில் வரும் வோல்ட்டேஜை ஆர்டுயினோ ஊனோ 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகப் படிக்கும். ஒண்ணைப் படிக்கிறது சுலபம். 16 படிக்கணும்னா? அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ டாக்டருக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. அப்பாவுக்கு வயசானதால வந்த காது மந்தம். "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்பார். இதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி ஒலிகள். ச, ஷ, ஃப எல்லாம் காணாமப் போயிடும். அவர் கம்ப்யூட்டர்ல பழைய பாட்டு கேக்கும்போது, ஒலியை 16 பட்டையாப் பிரிச்சு ஒவ்வொண்ணையும் அவரே திருகிக் கூட்டிக்க ஒரு பெட்டி செய்தேன்.

3/ ஊனோவில் அனலாக் பின் 6 தான். அதுலயும் உள்ளே அளக்கும் கருவி ஒண்ணே ஒண்ணு. ஆறு பின்னும் அதுகிட்ட வரிசையில் நிக்குது. ஓபியில் டாக்டர் ஒருத்தர், டோக்கன் பல. அந்த வரிசையை வெளியே நீட்டுறதுதான் 4067 என்ற மல்டிபிளெக்ஸர் சிப். நாலு டிஜிட்டல் பின் எந்தக் குமிழ்னு சொல்லும், ஒரு அனலாக் பின் படிக்கும். மொத்தம் 5 பின்னில் 16 குமிழ்.

4/ கவனம் தேவை இங்கேதான். அளக்கும் கருவிக்குள் ஒரு குட்டிக் கெபாசிட்டர் இருக்கு. முந்தைய குமிழின் மின்னூட்டம் அதில் மிச்சமிருக்கும். அது மாறுறதுக்குள்ள படிச்சா, பழைய ஆளோட சாயல் புது எண்ணில் ஒட்டிக்கும். 100 கிலோ ஓம் குமிழில் இந்தத் தொல்லை அதிகம். 10 கிலோ ஓம் வாங்குங்க.

5/ கூடவே, குமிழ் மாறினதும் வர்ற முதல் அளவை விட்டுட்டு ரெண்டாவதை எடுங்க. ஒரு அளவுக்கு சுமார் 0.1 மில்லிசெகண்ட். 16 குமிழையும் ரெண்டு தடவை படிச்சாலும் 3.2 தான். கைக்கு வித்தியாசமே தெரியாது. பிபியிலும் இதே கதை. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் 3 தடவை பிபி பார்த்து, முதலாவதை விட்டுட்டு மற்ற ரெண்டின் சராசரியைத்தான் எடுப்பாங்க.

6/ குமிழைத் தொடாமலே எண் 511, 513, 512 என்று ஆடும். நாலுக்கு மேல் மாறினால் மட்டும் கணக்கில் எடுக்கிற மாதிரி கோடு எழுதுங்க. நேத்து சுகர் 102, இன்னைக்கு 105ன்னு பதறி வர்றவங்களுக்கும் நான் சொல்றது இதுதான்.

7/ இவ்வளவு மெனக்கெடல் ஏன்? அப்பா ஒரு குமிழைத் திருகினா அது மட்டும்தான் மாறணும். தொடாத பட்டையும் சேர்ந்து நகர்ந்தா, எது தனக்கு உதவுதுன்னு அவருக்குத் தெரியாமலே போயிடும். எல்லாத்தையும் கூட்டி வைப்பார். அதிக சத்தம் மிச்சமிருக்கும் கேள்திறனையும் கெடுக்கும். அதனால எவ்வளவு திருகினாலும் தாண்டாத ஒரு உச்ச வரம்பும் கோடில் வெச்சிருக்கேன்.

8/ இந்தப் பெட்டி காது மெஷினுக்கு மாற்று இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்க டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போனா, "காது கேக்கலையா"ன்னு கத்தாதீங்க. கூட்டிட்டுப் போய் ஒரு ஆடியோகிராம் எடுத்துடுங்க.