சித்தூர் வெல்லக் கொப்பரை (பயணத் தொடர் - 4)

காட்பாடியிலிருந்து ரயிலேறிச் சித்தூரில் இறங்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1911இல் உண்டாக்கிய மாவட்டத்தின் தலைநகர் இது. 1782 டிசம்பரில் ஹைதர் அலி உயிர் விட்டது இதன் அருகேயுள்ள நரசிங்கராயன்பேட்டையில். கடைத்தெருவில் இன்றைக்கும் தமிழிலேயே காரியம் முடிகிறது. விடுதிக் குளியலறையைப் பற்றி எழுதினால் பத்திரிகைத் தாள் வீணாகும். மறுநாள் காலையில் நடந்ததற்கு வந்துவிடுகிறேன்.

காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசித்துவிட்டு, வந்த வழியில் திரும்பாமல் ஆட்டோவைக் கிராமத்துப் பக்கம் விடச் சொன்னேன். இருபுறமும் கரும்பு. கொஞ்ச தூரத்திலேயே வாசனை வந்துவிட்டது. காய்ச்சிய பாகும், எரியும் சக்கையும், ஈரமண்ணும் கலந்த வாசனை. ஓலை வேய்ந்த கொட்டகையும் அதற்குப் பின்னால் புகைபோக்கியும் தெரிந்தன. வண்டி நிற்பதற்குள் என் மனைவி இறங்கிவிட்டாள்.

உள்ளே நுழையப் போனவளை ஒரு பெரியவர் கை காட்டி நிறுத்தினார். "அம்மா, செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க. கொப்பர எங்களுக்குச் சாமி." சித்தூர்த் தமிழ், ஒரு வாக்கியத்தில் இரண்டு வார்த்தை தெலுங்கு. ஆலை அவருடையது, கரும்பும் அவருடையது. நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முதலில் குடிக்கக் கொடுத்தார். ஆட்டிய மேனிக்கு இறங்கும் கரும்புப்பால், ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய. நகரத்து வண்டிக் கடைகளில் ஐஸ் கட்டிக்கும் எலுமிச்சைக்கும் நடுவே காணாமல் போகும் சுவை, இங்கே முழுசாக இருந்தது. இனிப்புக்குப் பின்னால் லேசான உப்பும் பச்சை வாசனையும் உண்டு. உப்பு மண்ணில் விளைந்த கரும்பின் வெல்லம் கரிக்கும், அதனால்தான் வியாபாரி வெல்லத்தைக் கடித்துப் பார்த்து விலை சொல்கிறான் என்றார்.

அதன் பிறகு அந்தக் கொப்பரையைச் சுற்றியே எங்கள் காலை போனது. பால் கொதிக்கத் தொடங்கியதும் சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறார்கள். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்த கொழகொழப்பை ஊற்றுகிறார்கள். அழுக்கெல்லாம் கருத்த நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. நீளக் காம்பு வைத்த அரிகரண்டியால் ஒருவர் அதை வாரி வாரி வெளியே எடுக்கிறார். பால் பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையை அரைத்துக் கரைத்து ஒரு சிறங்கை தெளிக்கிறார், பொங்கல் அடங்கிவிடுகிறது. அடுப்பு வாயில் ஒருவர் உட்கார்ந்து, காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். விறகு, கரி எதுவும் கிடையாது. ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 100 கிலோ வெல்லம் தேறும். மீதியில் பெரும்பகுதி ஆவியாகப் போகிறது, சக்கை அடுப்புக்குப் போகிறது.

பாதி காய்ந்த பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அது கரும்பும் இல்லை, வெல்லமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாகு முத்துவதற்குச் சற்று முன்னால், தேங்காய்க் கீற்றை ஈர்க்கில் குத்திக் கொப்பரையில் முக்கி எடுத்து நீட்டினார் பெரியவர். நான் பல ஊர்களில் விருந்து சாப்பிட்டவன். அந்தத் தேங்காய்க் கீற்றுக்கு ஈடாக ஒன்று இப்போது நினைவுக்கு வரவில்லை. பதம் பார்ப்பதையும் காட்டினார். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி பாகை விட்டு விரலால் உருட்டினார். உருண்டை இறுகி நின்றது. "போதும்" என்றதுதான் தாமதம், நாலு பேர் சேர்ந்து கொப்பரையை இறக்கி மரத்தொட்டியில் சாய்த்தார்கள். துடுப்பால் கிளறக் கிளற நிறம் மாறி, மணல் மணலாகத் திரண்டது. கை பொறுக்காத சூட்டிலிருக்கும் அந்த வெல்லத்தை வெறுங்கையால் உருண்டை பிடிக்கிறார்கள். அந்த உள்ளங்கைகளைப் பார்த்தவர்கள் வெல்லத்தில் பேரம் பேச மாட்டார்கள்.

முதல் உருண்டை விநாயகருக்கு. இரண்டாவதை உடைத்து எங்களுக்குத் தந்தார். ஆழ்ந்த பழுப்பு நிறம்.

"இது மண்டிக்குப் போனா வெல போகாது சார்" என்றார். "வெளுப்பா, மஞ்சளா இருக்கணும்னு கேக்கறாங்க. உங்க ஊருப் பொங்கலுக்கே அப்பிடித்தான் கேக்கறாங்க. அதுக்குத்தான் ஹைட்ராஸ் போடறது. இது எங்க வீட்டுக்குக் காச்சினது, மருந்து இல்ல."

சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்ற வெளுப்பு மருந்தைத்தான் ஆலைகளில் ஹைட்ராஸ் என்கிறார்கள். அது வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடை விட்டுவிட்டுப் போகிறது. பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உணவுச் சட்டம். கொப்பரையருகே நின்று கைப்பிடி அளவில் போடுகிறவரிடம் தராசு எங்கே இருக்கிறது? குற்றத்தை அவர் மேல் சுமத்த எனக்கு மனமில்லை. மஞ்சளாகக் கேட்பது நாம். நம் கண்ணுக்காக அவர்கள் மருந்து கலக்கிறார்கள், நம் பிள்ளைகள் அதைச் சாப்பிடுகிறார்கள்.

அந்தக் கொட்டகையில் எனக்கு ஜப்பான் நினைவு வந்தது. அங்கே சாகே என்ற அரிசி மது காய்ச்சும் ஆலைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். கியோட்டோவின் ஃபுஷிமியில் 1637இல் தொடங்கிய கெக்கெய்கான் ஆலையின் பழைய கட்டடம் இன்று அருங்காட்சியகம். சுற்றிப் பார்த்து முடித்ததும் சிறு கிண்ணத்தில் ருசிக்கத் தருகிறார்கள். சாகேக்கு அரிசியின் மாவுச்சத்தைக் கோஜி என்ற பூஞ்சையால் சர்க்கரையாக்கிப் புளிக்க வைக்க வேண்டும். அவர்கள் பாடுபட்டு உண்டாக்கும் அந்தச் சர்க்கரை, இங்கே கரும்பிலிருந்து தானாகவே இறங்குகிறது. வெல்லத்தை ஊறப்போட்டுப் புளிக்க வைத்து வடித்தால் நாட்டுச் சாராயம். அதனாலேயே கறுப்பு வெல்லத்தின் மேல் ஆந்திரக் கலால் துறைக்கு எப்போதும் ஒரு கண்.

சாராயத்தால் இந்தச் சீமை பட்டது கொஞ்சமில்லை. பக்கத்து நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் எழுத்துப் படிக்க வந்த பெண்கள் 1992இல் சாராயத்துக்கு எதிராக எழுந்தார்கள். அது மாநிலம் முழுதும் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார்; 1997இல் அது தளர்ந்தது. சட்டம் தளர்ந்ததற்காக அந்தப் பெண்கள் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. சாராயம் காய்ச்சுகிறவனை அரசு பிடிக்கட்டும். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக, மருந்து கலக்காத கறுத்த வெல்லத்தைக் காய்ச்சுகிற விவசாயி திருடன்போல் பயந்து விற்க வேண்டியிருப்பது அநியாயம். ஜப்பான்காரர்கள் மதுவுக்குத் தருகிற மரியாதையில் பாதியை நாம் வெல்லத்துக்குத் தரக் கூடாதா? ஒரு பெயர்ப்பலகை, உட்கார நாலு பெஞ்சு, கழுவிய டம்ளர்கள், நுழைவுக்கு 50 ரூபாய் போதும்.

கழுவிய டம்ளர் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். கொப்பரை பளபளவென்று இருந்தது, ஆனால் பால் நிரம்பும் பீப்பாயில் ஈ மொய்த்தது. உருண்டைகளை அடுக்கிய கோணி, உரக்கடையில் வாங்கிய பழைய கோணி. நூறு ரூபாய்த் தார்ப்பாயும் ஒரு கொசுவலையும் இருந்தால் தீர்கிற குறை இது. பெரியவரிடமும் சொன்னேன். "நிஜம்தான்" என்றார். வாங்குவார் என்று நம்புகிறேன்.

புறப்படும்போது இரண்டு கிலோ கறுத்த வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க மறுத்தார். "வீடு தேடி வந்தவங்க கிட்ட எப்பிடிம்மா வாங்கறது?" என்று என் மனைவியிடம்தான் கேட்டார். அடுப்பு வாயில் இருந்தவர் கையில் கொஞ்சம் பணம் வைத்துவிட்டு வந்தோம். அவருக்கும் தயக்கம்தான்.

அன்று மாலையே திருப்பதி. வழியில் சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலைப் பார்த்தோம். கல்லும் சுண்ணமும் நன்றாக நிற்கின்றன. திருப்பதிக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் "மருந்து போடாத நாட்டு வெல்லம்" என்று சத்தியம் செய்து, பழுப்பாக இருந்ததைக் கிலோ 160 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டினார். அறைக்கு வந்து தண்ணீரில் கரைத்தால் டம்ளரின் அடியில் வெண்பொடி. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வேற கடையில வாங்கினத எடுத்துட்டு வந்து கத்தறீங்க" என்று ஊரைக் கூட்டினார். கோவிந்தா சொல்லும் ஊரில் இப்படிப் பேச நாக்கு எப்படி வருகிறது? பணம் திரும்பவில்லை. மலையைப் பற்றியும் தரிசன வரிசையைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. நான் எழுதப் போவதில்லை.

வெல்லம் காய்ச்சுவதைப் பார்க்க நினைக்கிறவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். பதம் வரும்வரை காத்திருக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரமும் தேங்காயும் எடுத்துப் போங்கள். கறுத்த வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆலைக்காரர் சொல்கிற விலையைக் கொடுங்கள்.

இன்னும் ஓர் இதழோடு இந்தத் தொடர் முடிகிறது.