ஹீட்டர் தேவைப்படாத ஊரில் ஹீட்டர் வேலை

சித்தையன்கோட்டையில் காருக்கு ஹீட்டர் எதற்கு? மார்கழி விடியற்காலையில்கூடக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் குளிர் தீர்ந்துவிடும் ஊர் இது. அதனால் பழைய காரின் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகினால், அதைச் சரிசெய்ய இங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் ஒன்றாக இணைத்துக் கிளிப் போட்டு, கோரை ஒதுக்கிவிடுவதே வழக்கம். “சூடு எதுக்குண்ணே நமக்கு, வெளிய அடிக்கிறது பத்தாதா?” என்று ரேடியேட்டர் பட்டறையில் காதில் விழுந்த கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அங்கே கோரைப் பிரித்து வேலை பார்ப்பதைக் கவனித்தபோது, ஒதுக்குவது தவறு என்ற எண்ணமே எனக்கு வலுப்பட்டது. எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தச் சின்னக் கோரே முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரின் வேலைக்கு, குளிர் இல்லாத ஊரிலும் மதிப்பு உண்டு.

ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் சுடுதண்ணீர் அதன் மெல்லிய குழாய்களில் ஓடி வாட்டர் பம்ப்புக்குத் திரும்புகிறது. குழாய்களின் மேல் அடிக்கும் காற்று சூடாகி வண்டிக்குள் வருகிறது. பெரிய ரேடியேட்டரைவிட இதில் குழாய்கள் குறைவு. ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வை மூடிவிட்டால் ஓட்டமே கிடையாது. சமவெளியில் அந்த வால்வு வருடக்கணக்கில் மூடியே கிடக்கும். தேங்கிய தண்ணீரில் கசடு அடியில் தங்கும். திண்டுக்கல் வட்டாரத்துத் தண்ணீர் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. ஆத்தூர் காமராஜர் அணையின் நல்ல தண்ணீர் திண்டுக்கல் நகரம் வரை குடிக்கப் போகிறது; ரேடியேட்டரில் ஊற்றப்படுவதோ கைக்கு எட்டும் போர்த் தண்ணீர். அதிலுள்ள உப்புகள் சூடேறியதும் சுண்ணாம்பாகப் படியும். வார்ப்பிரும்பு பிளாக்கின் துருவும் அதோடு சேர்ந்துகொள்ளும். குறுகலான வழியைத்தான் அடைப்பு முதலில் பிடிக்கும் என்பதால், மெயின் ரேடியேட்டர் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் கோர் கெட்டுவிடுகிறது.

பெஞ்சில் இது கண்ணெதிரே தெரிகிறது. கோரின் ஒரு வாயை ரப்பர் வைத்து அடைத்து, மறுவாயில் காற்றுக் குழாயைச் செருகித் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்குகிறார் தொழிலாளி. காற்றை அளவோடுதான் விடுகிறார். பழைய கோர் அதிக அழுத்தம் தாங்காது. குமிழி ஒரே இடத்திலிருந்து சரம் பிடித்து வந்தால் மூட்டு விட்டிருக்கிறது என்று பொருள், பற்றவைத்தால் போதும். தகடுகளுக்கு நடுவே பல இடங்களில் பொடிப்பொடியாக வந்தால் குழாய்களே அரித்துப்போய்விட்டன. கோரைத்தான் மாற்ற வேண்டும். அடுத்து, கோரின் டேங்க்கைச் சூடுகாட்டிப் பிரித்துத் தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுக்கிறார். வெள்ளைப் பொடி வந்தால் ஊற்றிய தண்ணீர் சரியில்லை. செந்நிறச் சேறு வந்தால் பிளாக்குக்குள் துரு. எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பற்றவைப்பதற்கு இன்னும் நிதானம் தேவை. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஒரு மூட்டைச் சூடாக்கினால் பக்கத்து மூட்டும் விட்டுவிடலாம். அதனால் அண்டை மூட்டுகளில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, தீயைப் பட்டும் படாமலும் காட்டி எடுக்கிறார்.

எத்தனையோ பழைய கார்கள் ஹீட்டரே இல்லாமல்தானே ஓடின என்று கேட்கலாம். உண்மைதான். 1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலேயே ஹீட்டர் தனிக்காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்து, 2014 வரை உத்தர்பாராவிலிருந்து வெளிவந்த அம்பாசடரும் அந்த வழியில் வந்ததே. ஹீட்டர் இல்லாத வண்டியில், எஞ்சினில் அதற்கான வாயைத் தகடு வைத்து மூடிவிடுவார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே வாயை மூடுவதும், கசடு சேர்ந்து கோர் ஒழுகிய பிறகு ஹோஸை இணைத்துவிடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கோர் மட்டும் விலகுகிறது. கசடு எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது அதன் விளைவு தெரியும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்திக் காப்பாற்றும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அதுவும் இல்லை. ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும்போது ஹீட்டரைத் திறந்துவிட்டால் கொஞ்சம் சூடு அந்த வழியாக வெளியேறும். மேலே பனிமூட்டத்தில் கண்ணாடியை மறைக்கும் ஈரத்தை விலக்குவதும் அதே காற்றுதான்.

புது அலுமினியக் கோர் வாங்கிப் போட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. கிடைத்து, பெட்டிக்குள் சரியாகப் பொருந்தினால் போடலாம். எடை குறைவு, அகலக் குழாய்கள் வைத்துச் செய்தால் சூடு கடத்துவதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய வண்டியின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அதிலிருந்து தண்ணீரில் கரையும் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து பொத்தல் போட வல்லது; தகுந்த கூலன்ட் இல்லாமல் வெறும் போர்த் தண்ணீரில் ஓடும் வண்டியில் அந்த அபாயம் அதிகம். பிளாஸ்டிக் டேங்க் வைத்து மடித்த கோர் ஒழுகினால் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். பித்தளைக் கோரைப் பிரிக்கலாம், கழுவலாம், மறுபடி பற்றவைக்கலாம். பழைய செம்புக்கு எடைக்கடையில் நல்ல விலை கிடைக்கிறதே என்று அவசரப்பட்டு விற்றுவிட்டால், சரியான அளவில் இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

இவற்றைவிடக் கனமான எதிர்வாதம் தொழிலாளியின் உடம்பைப் பற்றியது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பற்று உருகுவதைவிட, நேர்த்தீயில் அதைக் காய விடுவதும் பழைய பற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதும் ஆபத்தானவை. அந்தத் தூசி கையோடு சோற்றுக்கும், சட்டையோடு வீட்டுப் பிள்ளைகளிடமும் போகும். இதைக் காரணம் காட்டித் தொழிலையே மூடச் சொல்வது எளிது. அப்படி மூடினால் பிழைப்பு போவது பட்டறைக்காரருக்குத்தான். காற்றோட்டமான இடம், உலர்வாகச் சுரண்டாமல் ஈரமாகத் துடைப்பது, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீயும் சாப்பாடும், வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றுவது ஆகியவை பெருஞ்செலவில்லாத தற்காப்புகள். பற்று வைத்ததற்கு மட்டும் கூலி கொடுக்கும் வாடிக்கையாளர், இந்த நிதானத்துக்கு வழிவிடுவதில்லை.

ஆகவே கேள்வி கூலியில் வந்து நிற்கிறது. டேஷ்போர்டைப் பிரித்துக் கோரை வெளியே எடுக்கவே நேரம் பிடிக்கும். சோதிப்பதும் கழுவுவதும் அதற்கு மேல். நாம் காசு கொடுப்பதோ கடைசியில் வைக்கும் பற்றுக்கு. அதனால்தான் ஹோஸை இணைத்து அனுப்பும் வேலை பட்டறைக்கும் லாபமாகத் தெரிகிறது. கோரைக் கழற்றிச் சோதித்து, பிளாக்கையும் ரேடியேட்டரையும் கழுவி, உப்பில்லாத தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவது வரை ஒரே வேலையாகக் கணக்கிட்டுக் கூலி பேச வேண்டும். அதன் பிறகும் ஹீட்டர் வேண்டாம் என்று வண்டிக்காரர் சொன்னால், ஹோஸை இணைத்துவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.