அகத்தித் தீவும் அங்குள்ள ஆமைகளும்

மும்பையில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குச் செல்வது என்றே பொருள். குலதெய்வ வழிபாடு, ஒரு திருமணம், நாலு வீட்டு விருந்து. அத்துடன் விடுப்பு கரைந்துவிடும். சென்ற டிசம்பரில் எங்கள் மக்கள் இருவரும் ஒரு நிபந்தனை விதித்தனர். ஊருக்குச் செல்லுமுன் கடலாமையைக் கடலுக்குள்ளேயே காண வேண்டுமாம். ரயில்வே எழுத்தர் குடும்பத்துக்கு வண்டிக்குப் பாஸ் உண்டு. கடலுக்குப் பாஸ் ஏது? ஆயினும் ஓராண்டு சிறுகச் சேர்த்து, இலட்சத்தீவுகளில் ஒன்றான அகத்திக்குப் புறப்பட்டோம். அன்னையாரும் உடன் வந்தார்.

நேத்ராவதி விரைவு வண்டியில் கொங்கண் குகைகளைக் கடந்து எர்ணாகுளம் சேர்ந்ததையும், கொச்சியில் கப்பலேறி ஓர் இரவு முழுதும் அலையில் ஆடியதையும் விரிக்கப் போவதில்லை. ஏறத்தாழ 460 கிலோமீட்டர் கடல் தாண்டியபின், தென்னந்தலைகள் ஒரு கோடாகத் தோன்றின. அகத்தி என்னும் பெயரைக் கேட்டதும் கீரை நினைவு வந்த அன்னையார், தீவில் அம்மரத்தைத் தேடினார். எங்கும் தென்னையே.

தீவின் மேற்கே பவளப் பாறை ஒரு மதிலாக வளைந்து நிற்கிறது. வெளிக்கடலின் அலை அதில் மோதி நுரையாகிவிட, உட்புறம் அமைதியான காயலாக உள்ளது. நீர் பல இடங்களில் மார்பளவே. முகத்தை இறுக மூடும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ளும் மூச்சுக்குழல், வாத்தின் கால்போல் விரிந்த ரப்பர்த் துடுப்பு ஆகியவற்றைத் தந்தனர். எட்டு வயது மகனுக்கு இது விளையாட்டு. பத்தாம் வகுப்புப் பயிலும் மகளோ முதல் நாள் முழுதும் கரையோரம் நின்று குழலில் மூச்சுவிடப் பழகினாள். மூக்கை மறந்து வாயால் மூச்சுவிடுதல் கேட்பதற்கு எளிது. நெஞ்சு அதை ஏற்கச் சற்று நேரமாகிறது.

மறுநாள் காலை அவளே முதலில் கண்டாள். எங்கள் கையைப் பற்றி இழுத்து, விரலால் கீழே சுட்டினாள். வெண்மணல்மேல் ஓர் ஆமை மெதுவாக மேய்ந்துகொண்டிருந்தது. ஓட்டின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம். கண்களுக்கிடையே ஓர் இணைச் செதில் மட்டும் இருந்தமையால் அது பேராமை என அறிந்தோம். நம் மன்னார் வளைகுடா மீனவர் வழங்கும் பெயர் அது. கூரிய அலகுடைய அழுங்காமைக்கு அவ்விடத்தில் இரண்டு இணைச் செதில்கள் உண்டு. வளர்ந்த பேராமை பெரும்பாலும் சைவம். கடற்புல்லும் பாசியுமே அதன் உணவு. அதன் தாடையின் விளிம்பு அரம்போல் பற்பற்றாக இருப்பதும் புல்லறுப்பதற்கே.

எங்களைக் கண்டு அது விரையவில்லை. சில நிமிடங்கள் கழித்து, சரக்கு வண்டி நிலையம் விட்டுக் கிளம்புவதுபோல் அவசரமின்றி மேலெழுந்தது. தலையை நீட்டி ஒரே மூச்சு, மீண்டும் கீழே. ஆமைக்கும் நமக்கும் காற்று ஒன்றே. ஆதலின் அது மேலே வரும் வழியை மறித்து நிற்கலாகாது. தொடுவதும் துரத்துவதும் கூடா. பயணிகள் சிலர் ஆமையோடு படம் எடுப்பதற்காக அதன் முகத்துக்கெதிரே பாய்ந்ததையும் கண்டோம். அக்காட்சி எங்களுக்குச் சிறிதும் உவக்கவில்லை.

காற்றுக் கலத்தை முதுகில் கட்டி ஆழம் செல்லும் ஸ்கூபாவுக்குப் பத்து வயதேனும் நிரம்ப வேண்டும் என்றதால், மகன் கரையில் கண்ணீருடன் அமர்ந்தான். நாங்கள் சில மீட்டர் ஆழமே சென்றோம். இறங்குகையில் செவி அடைக்கும்; மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் திறக்கும். கீழே பவளத்தின் நடுவே ஓர் ஆமை பாறையடியில் உறங்கிக்கொண்டிருந்தது. உறங்கும் ஆமை மணிக்கணக்கில் மூச்சடக்க வல்லது.

எங்கள் படகோட்டியை மக்கள் ‘இக்கா’ என்றனர். அவரும் அன்னையாரை ‘உம்மா’ என்றே விளித்தார். காதைத் தீட்டினால் அவர் பேசும் மலையாளம் பாதிக்குமேல் விளங்கும். காயலில் ஓரிடத்தில் படகை நிறுத்தி, “கீழே என்ன தெரிகிறது?” என மகளைக் கேட்டார். “மணல்” என்றாள். “என் சிறு வயதில் இங்கே சாணளவு புல் நின்றது. ஓராவும் விளைமீனும் அதில்தான் வளரும். வலை வீசினால் வீட்டுக்குப் போதும். ஆமைகள் கூட்டமாக வந்தன, புல் போயிற்று, மீனும் போயிற்று” என்றார்.

அவர் கூற்று வெறும் மனக்குறையன்று. அகத்தியில் பேராமைகள் பெருகியதையும் கடற்புல் அழிந்ததையும் மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பதிவு செய்துள்ளனர். ஒரு தீவின் புல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவின் காயலுக்கு நகர்ந்து, அங்கும் அவ்வாறே மேய்ந்ததாக 2021-இல் வெளியான அவர்தம் கட்டுரை கூறுகிறது. கடற்புல் பாசியன்று, பூத்துக் காய்க்கும் தாவரம். அதன் வேர்கள் மணலைக் கட்டிப் பிடிப்பவை. தீவோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்த மணல் மேடு. அவ்வேர்கள் போனால் மீனவனின் கறிச்சட்டி மட்டுமன்று, கரையும் அல்லவா மெலியும்?

இக்காவின் தந்தையார் காலத்தில் ஆமையைப் பிடித்து, அதன் கொழுப்பை உருக்கி ஓடங்களுக்குப் பூசுவார்களாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைத் தடுத்தது. “தந்தைக்கு எண்ணெய் தந்தது, எனக்கு மீனைக் கெடுத்தது, இப்போது உங்களைக் காட்டிக் கூலியும் தருகிறது. இதை என்னவென்று சொல்வேன்?” என்றார் இக்கா. விடை கூற எங்களால் இயலவில்லை. அவருடைய பிழைப்புக்கு இன்றும் சூரை மீனே துணை. தூண்டிற்கழியால் பிடித்து, வேகவைத்து, புகையூட்டி உலர்த்துகின்றனர். நம் தென்பாண்டிக் கடைகளில் மாசிக் கருவாடு என விற்பதும் இவ்வகையே.

அன்னையாருக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர். மூன்றாம் நாள் மாலை, முழங்காலளவு நீரில் நின்றிருந்த அவரருகே ஓர் ஆமை தலைதூக்கி மூச்செறிந்தது. அவர் அசையவில்லை. “பாவம், இதன் வீட்டில் இப்போது நாமல்லவா புகுந்திருக்கிறோம்!” என்று மெல்லச் சொல்லி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரையேறினார்.

செல்ல விழையும் அன்பர்களுக்குச் சில சொற்கள். அக்டோபர் முதல் மே நடு வரையே கடல் அமைதியாக இருக்கும். அனுமதிச் சீட்டு இன்றி இத்தீவுகளில் இறங்கவொண்ணாது. அதற்குக் காவல்துறைச் சான்றும் தேவைப்படும். ஆதலின் விடுப்பு எழுதிக் கொடுக்குமுன் அதற்கு விண்ணப்பியுங்கள். வானூர்தியில் திரும்புவோர் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே ஸ்கூபாவை முடித்துவிட வேண்டும். தீவினர் பெரும்பாலும் முகமதியர்; ஊருக்குள் அடக்கமான உடை வேண்டும். புளிக்குழம்புப் பொடியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நலம்.