ஒரே இல்லத்தில் இரு கணினிகள்

ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் ஒரே உலையில் வெந்த சோற்றை உண்கின்றனர். ஆனால் அவ்வீட்டிலுள்ள இரு கணினிகளோ ஒன்றையொன்று அறியா அயலாராய் இருப்பதை நாம் பல இல்லங்களில் காண்கிறோம். மாடியில் கட்டுரை எழுதும் மகள், அதனைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, முன்னறையில் உள்ள பிரிண்டரைத் தேடிப் படியிறங்கி வருகிறாள். இத்தொல்லையைத் தவிர்க்கும் வழி எளியதே.

இரு கணினிகளும் ஒரே ரவுட்டருடன் இணைந்திருத்தல் முதல் தேவை. விண்டோஸ் அமைப்பில் வீட்டு இணைப்பைப் 'பிரைவேட்' எனக் குறித்து, கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்வதற்கான வசதியை இயக்க வேண்டும். 2009-இல் விண்டோஸ் 7 உடன் வந்த 'ஹோம்குரூப்' என்னும் வசதி, 2018-இல் விண்டோஸ் 10-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பழைய கையேடுகளைப் பார்த்து அதைத் தேடி அலைய வேண்டா. ஒரு கணினியுடன் கம்பியால் இணைத்த பிரிண்டரைப் பகிர்வதாயின், அக்கணினி விழித்திருந்தால்தான் பிறர் அச்சிட இயலும் என்பதையும் நினைவிற் கொள்க.

கதவைத் திறக்கும் முறை இதுவே. எந்த அறையை, யாருக்கு, எவ்வளவு திறப்பது என்பதே சிந்திக்கத்தக்கது.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில், காலஞ்சென்ற பாட்டியின் நிழற்படங்கள் யாவும் முன்னறைக் கணினியில் இருந்தன. அக்கோப்புறை முழுவதும், எவரும் மாற்றவும் நீக்கவும் கூடியவாறு பகிரப்பட்டிருந்தது. மாடிக் கணினியில் இடம் போதவில்லையென எண்ணிய பேரன், அங்கே கண்ட படங்களைத் தன்னிடமுள்ள நகல்கள் என்று கருதி நீக்கிவிட்டான். அவர்கள் அழைக்க நாம் சென்று பார்த்தபோது, இரு கணினிகளின் 'ரீசைக்கிள் பின்'னும் வெறுமையாகவே இருந்தது. பகிர்ந்த கோப்புறையில் உள்ளதை வேறொரு கணினியிலிருந்து நீக்கினால், அது வழக்கமாக அத்தொட்டிக்குச் செல்வதில்லை, அப்படியே மறைந்துவிடும். அழுது நின்ற சிறுவனை அணைத்துக்கொண்ட தாத்தா, "பிள்ளையைக் கடிந்து என்ன பயன்? பெட்டியைத் திறந்து வைத்தவர்கள் நாங்கள்தாமே!" என்றார்.

ஆகவே, பகிர்வதற்கென்றே தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து, அதை மட்டும் பகிர்வதே நன்று. பார்த்தால் போதுமென்ற கோப்புகளுக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் அளியுங்கள். கடவுச்சொல் கேட்பதைத் தொந்தரவென்று கருதி அக்காவலை நீக்கிவிடாதீர்கள். நான்கு இலக்கப் பின் எண் அந்தந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. மற்றொன்றினுள் நுழையக் கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். பலர் தடுமாறுவது இவ்விடத்திலேதான்.

வெளியிலிருந்து வரும் தீங்கும் உண்டு. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் தீநிரல், விண்டோஸின் பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டையின் வழியே கணினிக்குக் கணினி தாவி, பிரிட்டனில் மருத்துவமனைகளின் பணிகளைக்கூட நிலைகுலையச் செய்தது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் ஏற்றியவர்களின் கணினிகளில் அவ்வோட்டை அடைபட்டிருந்தது. பழைய கருவி ஒன்றுக்காக அம்முறையை மீண்டும் இயக்குதல் தகாது. விடுதி, இரயில் நிலையம் போன்ற பொது இடங்களின் வைஃபையில் இணையும்போது 'பப்ளிக்' என்றே குறித்தல் வேண்டும்.

பெற்றோர்களே, பகிர்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. நான்கு கணினிகளிலிருந்து பார்க்க முடிந்தாலும், படம் இருப்பது ஓரிடத்திலேயே. அருமையான படங்களையும் ஆவணங்களையும் தனி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் இதற்கெனச் செலவிடுதல் பெரும் சுமையன்று.