கோவைக் குற்றாலம்: குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

ஒரே நாள் லீவு, ரொம்ப தூரம் போக முடியாது என்றால் கோவைக்காரர்களுக்குச் சட்டென நினைவுக்கு வருவது கோவைக் குற்றாலம்தான்.

நகரிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் தாண்டினால் சாடிவயல் சோதனைச்சாவடி. சொந்த வண்டிகளுக்கு அதுதான் எல்லை. டிக்கெட் வாங்கி, பைச் சோதனை முடித்து, வனத்துறை வேனில் ஏற வேண்டும். இறங்கியபின் கொஞ்ச தூரம் காட்டுப் பாதையில் நடை. தண்ணீர்ச் சத்தம்தான் முதலில் வரவேற்கும்; அப்புறம்தான் பாறைகளில் படிப்படியாக இறங்கி வரும் அருவி கண்ணில் படும்.

இது போளுவாம்பட்டி வனச்சரகம், யானைகள் நடமாடும் காடு. மாலைக்குள் எல்லோரையும் கீழே அனுப்பிவிடுவது அதனால்தான். 'இன்னும் பத்து நிமிஷம்ணே' என்று வனப் பணியாளர்களிடம் கெஞ்ச வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் வெள்ளம் பெருகினால் அருவியை மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

இங்கே குளிப்பது சிறுவாணித் தண்ணீரில் என்று பலரும் நினைக்கிறார்கள். சிறுவாணி அணை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அந்த ஆறு பவானியில் சேர்கிறது. கோவைக்கு வரும் குடிநீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருவது. அருவித் தண்ணீரின் வழி வேறு. அது கிழக்கே இறங்கி நொய்யலில் கலக்கிறது.

அந்த நொய்யல்தான் கோவையின் குளங்களை நிரப்பிவிட்டு, திருப்பூர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. வழியில் அது பட்ட பாடு ஊரறிந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்தார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

அத்தனை அழுக்குக்கும் முன்னால், நொய்யல் தெளிவாக ஓடும் சில இடங்களில் இந்த மலையடிவாரமும் ஒன்று. இங்கே கரையும் ஒரு ஷாம்பூ பாக்கெட்டுகூட கீழே இருப்பவர்களின் தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

மாற்றுத் துணி, துண்டு, ஸ்டீல் பாட்டிலில் குடிநீர் போதும். சோப்பு வீட்டிலேயே இருக்கட்டும்!