பூச்சில் இல்லை பொலிவு

நான் வாய்விட்டுச் சிரித்த நாள்கள் மிகக் குறைவு. சிரிப்பு வந்தால் முந்தானை நுனி தானாகவே வாயை மூடிவிடும். பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவள் நான். என் தலைமுறையினர் பலரைப் போல எனக்கும் பற்களில் பழுப்புக் கறை உண்டு. நிலத்தடி நீரில் அளவுக்கு மீறிக் கலந்திருந்த ஃபுளோரைடு, பல் உருவாகும் இளம் பருவத்திலேயே உள்ளிருந்து இட்ட கறை அது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. தருமபுரி மாவட்டத்துக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியவை. 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஊர்களுக்குக் காவிரி நீர் வந்தது. ஆயினும் முளைத்துவிட்ட பல்லின் கறையை எந்த நீரும் கழுவாது. எந்தப் பற்பொடியும் போக்காது.

உள்ளே போவதுதான் வெளியே தெரியும் என்பதற்கு என் வாயே சாட்சி. இருந்தும், அந்தப் பாடத்தை என் மகள் விஷயத்தில் நான் மறந்துபோனேன். அதைச் சகோதரிகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறேன்.

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நேரம். மாநிறம் கொண்டவள் அவள். "என் பல்லைச் சொல்லிச் சொல்லியே என்னை நோகடித்தார்கள். உன் நிறத்தையாவது யாரும் குறை சொல்லாமல் இருக்க வேண்டும்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன நான் அன்றே மறந்தேன். கேட்ட அவள் மறக்கவில்லை. மருத்துவரின் சீட்டு ஏதுமின்றி ஒரு களிம்பை வாங்கி வந்து இரவுதோறும் முகத்தில் பூசினாள். உடல் மெலிய வேண்டுமென்று உணவையும் குறைத்தாள். காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் ஒரு பிடிச் சோறு. இரவில் மீண்டும் தேநீர்.

இரண்டே வாரங்களில் முகம் பளிச்சென்று ஆனது. "பிள்ளைக்கு நிறம் ஏறியிருக்கிறதே!" என்று உறவினர்கள் வியந்தபோது நானும் பூரித்துத்தான் போனேன். மூன்று மாதம் கழித்துக் களிம்பு தீர்ந்து, சில நாள் பூசாமல் விட்டாள். முகம் செக்கச் சிவந்து எரியலாயிற்று, கன்னமெங்கும் பருக்கள், மெல்லிய இரத்த நாளங்கள் தோலுக்கு மேலே தெரிந்தன. வெயிலில் நிற்க முடியவில்லை. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களைப் பிறகு வரச் சொல்லிவிட்டு, அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

அந்த அம்மையார் களிம்பை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அதில் இருந்தது ஸ்டீராய்டு மருந்து. சில தோல் நோய்களுக்கு, குறுகிய காலத்துக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் பூச வேண்டியது. அழகுக்காக மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலியச் செய்துவிடும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதித்ததையும் அவர் எடுத்துச் சொன்னார். பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகள் இன்னும் கொடியவை. 2023ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அவற்றைப் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது.

பிறகு மகளின் கீழிமையை விலக்கிப் பார்த்தார்; இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டரைதான் இருந்தது. "நீங்கள் நிறம் என்று எண்ணி மகிழ்ந்ததில் ஒரு பங்கு இரத்தச் சோகையின் வெளுப்பு, அம்மா" என்றார். என் தலை தானாகவே கவிழ்ந்தது.

எதைத் தின்றால் முகம் தேறும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் ஒலிக்கிறது: "மாநிறத்தைச் சிவப்பாக்கும் உணவு உலகில் இல்லை, தேவையும் இல்லை. தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய பொருளைக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை."

அவர் விளக்கியதன் சாரம் இது. தோலின் மேலடுக்கு ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை உடல் உருவாக்கிக்கொள்ளப் புரதமும் வைட்டமின் 'சி'யும் வேண்டும். வைட்டமின் 'ஏ' குறைந்தால் தோல் வறண்டு சொரசொரப்பாகும். இரும்புச் சத்து குறைந்தால் முகம் வெளிறும். இவற்றை மாத்திரையாக அள்ளி விழுங்குவதும் ஆகாது. வைட்டமின் 'ஏ' மிகுந்தால், குறிப்பாகக் கருவுற்ற பெண்களுக்கு, தீங்காகும்.

வீடு திரும்பும் வழியில் எனக்கு நெல்லிக்கனி நினைவுக்கு வந்தது. நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்தானே இன்றைய தருமபுரி! சாகாமல் காக்கும் கனி எதுவும் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் வைட்டமின் 'சி' நிறைந்தவற்றுள் நெல்லி முதல் வரிசையில் நிற்பது என்பது ஆய்ந்தறிந்த உண்மை. இந்த மண்ணிலேயே பிறந்துவிட்டு, களிம்பைத் தேடிக் கடைக்குப் போனோமே!

அன்று முதல் அடுப்படியை மாற்றினேன். 2023ஆம் ஆண்டு மே மாதம் நீலகிரியிலும் எங்கள் மாவட்டத்திலும் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியபோது, அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவள் நான். இப்போது என் வீட்டிலும் களி கிண்டுகிறேன். உடன் முருங்கைக் கீரையோ கொள்ளுக் கடைசலோ இருக்கும். கீரையின் சத்து உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும். அதன் இரும்புச் சத்து சேர எலுமிச்சையோ நெல்லியோ வேண்டும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அந்த இரும்பு சரிவர உடலில் சேராது. ஆகவே தேநீருக்கு இடைவெளி விட்டோம். ஒருநாள் முட்டை, ஒருநாள் மீன், மறுநாள் பருப்பு.

விலை வீழ்ந்த நாள்களில் பாலக்கோட்டுப் பகுதி விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டிச் செல்வதைக் கண்டு வருந்தியிருக்கிறோம். அந்தத் தக்காளியை எண்ணெயில் வதக்கி உண்டால் அதன் செந்நிறப் பொருளான லைக்கோபீன் நன்கு உடலில் சேரும். அது வெயிலின் கேட்டைச் சிறிதளவேனும் தாங்க உதவும் என்கின்றனர். சிறிதளவுதான்! தோலை விரைவில் முதுமையாக்குவது வெயிலே ஆதலால், உச்சிப் பொழுதில் குடையும் நிழலும் வேண்டும்.

மகள் ஒரே நாளில் தேறிவிடவில்லை. மருத்துவர் தந்த மருந்துகளோடு ஓராண்டு ஆயிற்று. எரிச்சல் அடங்கியது, பருக்கள் மறைந்தன, ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது. கன்னத்தில் இரண்டு சிறு தழும்புகள் மட்டும் மீதம். நிறம் பழைய மாநிறமே. அதில் உயிர் திரும்பியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாரும் உண்ட பின், சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்பதே தாய்மை என்று எண்ணியிருந்தேன். அதியமான் ஈந்தது பெருமைதான். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் ஈந்து ஈந்தே இரத்தம் இழக்கிறார்கள். அதைப் பார்த்து வளரும் மகளும் பட்டினியைப் பழகிக்கொள்கிறாள். ஆதலால் இப்போது இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்கிறோம்.

சென்ற வாரம் உண்ணும்போது அவள் ஏதோ வேடிக்கை சொன்னாள். வழக்கம்போல் என் கை முந்தானையைத் தேடியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரியுங்கள் அம்மா, வீட்டில் நாம்தானே இருக்கிறோம்" என்றாள். சிரித்தேன்.