அப்பா விட்ட இடம்

2008-இல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த என் மகன், முதல் சம்பளத்தில் சோனி பிஎஸ்பி வாங்கினான். அவன் போய் ஐந்து வருஷம். அது பீரோவிலேயே கிடந்தது.

போன வாரம் பேரன் எடுத்தான். வட்டைப் படிக்கத் திணறியது. "கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டா, வட்டைக் கார்டிலேயே ஏத்திக்கலாம் தாத்தா." 1.8 ஜிபி வரை கொள்ளும் வட்டு. சிஎஸ்ஓ கோப்பாக்கினால் சுருங்குமாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியார் சொல்லி நான் எழுதிய 'ரெஸ்யூமே'யில் ஏதாவது விடுபடும். இதில் ஓர் எழுத்தும் விடுபடாதாம்.

பாதியில் மின்சாரம் போனால் கருவியே செத்துவிடும் என்றான். முடியும்வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்டில் மகன் பாதியில் நிறுத்திய கார் பந்தயம் அப்படியே இருந்தது.

"அப்பா விட்ட இடத்திலேர்ந்து ஆடவா, தாத்தா?"

"நீ புதுசா ஆரம்பிடா. அது இருக்கட்டும்" என்றேன்.